ரங்கநாயகி டீச்சரும் கோணல் மீசையும்

ரங்கநாயகி டீச்சருக்குக் கோணல் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது, இவருக்குக் கோணல். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தால் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் தலைவர்கள் படங்களை நேர் செய்வார். வணக்கம் சொல்வதெல்லாம் அதற்கப்புறம். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் இலை சாய்ந்திருக்கிறதென்று பிடித்து இழுத்தார். ரசம் ஊற்றியாகிவிட்டிருந்தது. என் வேட்டி என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை அவர். பகுதிநேரம். வாரத்தில் மூன்று நாள், அதிலும் அரை நாள். "பகுதிநேரம்னா சம்பளமும் பகுதி, மரியாதையும் பகுதிங்க சார்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். அப்பா மில்லில் ஃபிட்டர். அந்த மனிதருக்கும் எல்லாம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டுமாம், மகளுக்கு அங்கிருந்துதான் ஒட்டியிருக்க வேண்டும். ஓவியத்தில் ஹையர் கிரேடு பரீட்சை தேறி, கோபியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் சென்னகேசவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பள்ளி இல்லாத நாட்களில் ஆரி ஒர்க் செய்யும் பெண்களுக்கு ஜாக்கெட் துணியில் டிசைன் வரைந்து கொடுப்பார். ஒரே மகள் மேக்னா சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

நான் கண்ணையா, கணக்கு வாத்தியார். ஜனவரி பிறந்துவிட்டால் ஓவிய வகுப்பு, விளையாட்டு வகுப்பு எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொள்வேன் என்றுதான் சொல்கிறேன், கேட்டு வாங்குவேன் என்று சொல்லவில்லை. இதில் எனக்கு வெட்கமும் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை அரசாங்கம் உதவித்தொகை தரும். பூவும் மலையும் வரைந்துகொண்டிருந்தால் யார் தருவார்கள்?

அந்த வருடம் என் நம்பிக்கையெல்லாம் பிரவீனா மேல்தான் இருந்தது. அப்பா இல்லாத பெண். அம்மா தேங்காய்க் களத்தில் வேலைக்குப் போகிறார். தாய்மாமன் மதன்குமார் வாழைத்தார் வியாபாரி, அவர்தான் குடும்பத்தைத் தாங்குகிறார். தங்கமான மனிதர், ஆனால் எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாது. உதவித்தொகை கிடைத்தால் பிரவீனா பிளஸ் டூ வரை யார் கையையும், அந்த மாமன் கையையும்கூட, எதிர்பார்க்காமல் படிக்கலாம். அவளுக்கு அது தெரியும். வாயால் கேட்டால் நான் கேள்வியை முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அதே கேள்வியைத் தாளில் கொடுத்தால் போச்சு. உள்ளங்கை வேர்த்துத் தாள் நனைந்துவிடும். "வயிறு வலிக்குதுங்க சார்" என்று எழுந்து போய்விடுவாள்.

பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓ.எம்.ஆர். தாளை யார் சொல்லித் தருவது என்ற பேச்சு வந்தது. கேள்விக்கு நான்கு வட்டம், சரியான விடையின் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும், திருத்துவது மெஷின். தலைமையாசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வட்டத்துக்குள்ள கலர் அடிக்கறதுதானே, ரங்கநாயகி டீச்சர் பாத்துக்கட்டும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் பாடவேளை மிச்சம்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் வகுப்பை யாரும் பிடுங்கவில்லை. பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்தார். பேனாவை எப்படிப் பிடிப்பது, நடுவில் புள்ளி வைத்து ஓரம் வரை எப்படிச் சுற்றி வருவது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று சொல்லிக் கொடுத்தார். "கோட்டைத் தாண்டக் கூடாது கண்ணு. ஒரு மயிரிழை வெளிய போனாலும் அசிங்கம்." வராந்தாவில் போகும்போது எட்டிப் பார்த்தேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. பிரவீனா முகத்தில்கூடப் பயம் தெரியவில்லை. பரவாயில்லையே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாதிரித் தேர்வு வைத்தோம். தொண்ணூறு கேள்வி, தொண்ணூறு நிமிடம். மணி அடித்ததும் தாள்களை வாங்கிப் பார்த்தேன். அடடா, என்ன அழகு! அச்சடித்த மாதிரி வட்டங்கள். வட்டங்கள்தான் அழகு. பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. பிரவீனா நாற்பதைக்கூடத் தொடவில்லை. தொட்டதெல்லாம் சரியான விடை, அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் போனேன். "ஏனுங்க டீச்சர், இது பரீட்சைங்களா, இல்ல கண்காட்சிக்கு வெக்கறதுங்களா? எந்த மெஷினுங்க இதப் பாத்து அழகா இருக்குதுன்னு மார்க்குப் போடும்?"

கொஞ்சம் அதிகமாகத்தான் கத்தினேன். பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் பிரவீனாவின் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி விரலால் தடவினார்.

"சார், இங்க பாருங்க. இந்த வட்டத்துல தாளே தேஞ்சுபோயிருக்குது. ஏற்கெனவே கறுத்த வட்டத்தையே திருப்பித் திருப்பிச் சுத்தியிருக்குது இந்தப் புள்ள."

அடுத்த கேள்வி தெரியாது, அல்லது தெரியுமோ தெரியாதோ என்று பயம். அந்தப் பக்கம் போகாமல் முடித்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் அமைதி என்று நினைத்தது அதைத்தான்.

டீச்சர் அன்று பஸ் ஏறும்போது முகம் சரியில்லை. திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனில் இதைச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் மேக்னாவும் நன்றாக வரைவாள், ஆறாவது படிக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டாள். ஏன் என்று டீச்சருக்கு இத்தனை நாளும் தெரியாது. ஆர்வம் படிப்புப் பக்கம் திரும்பிவிட்டது போல என்று விட்டுவிட்டார்.

"என்ன சொன்னா தெரியுங்களா சார்? 'நீ என்ற பின்னாடி வந்து நின்னாலே என்ற கை நடுங்கும்மா. கோணலா இருக்குது, கோணலா இருக்குதுன்னுதான் சொல்லுவே. ஒரு நாளாச்சும் நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கியா'ன்னு கேக்கறா. சிரிச்சுட்டேதான் கேட்டா. எனக்குத்தான் போனக் கீழ வெக்க முடியலீங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "சாப்பிடுங்க டீச்சர், ஆறிப்போகுது" என்றேன். ஆறுவதற்கு அதில் தயிர்சாதம்தான் இருந்தது.

அன்று பிற்பகல் அவர் வகுப்பிலிருந்து ஒரே கூச்சல். என் வகுப்பை விட்டுவிட்டு ஓடினேன். கரும்பலகை முழுக்க டீச்சர் தன் முகத்தைத் தானே வரைந்து வைத்திருந்தார். மூக்குத்தி உட்பட அச்சு அசல் அவரேதான். கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு, "வாங்க, வந்து கெடுங்க" என்கிறார். பிள்ளைகள் தயங்கியது ஒரு நிமிடம்தான். ஒருவன் கொம்பு வைத்தான், ஒருத்தி பல்லை நீட்டினாள், ஒருவன் தாடி போட்டான். டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கோணல் கொம்பை நேராக்க அவர் கை எப்படித் துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் பிரவீனாவைக் கூப்பிட்டார். அவள் மெதுவாக வந்து ஒரு மீசை வரைந்தாள். இரண்டு நுனியும் ஒரே அளவு, நடுவில் சரியாகப் பிரிந்து, அவ்வளவு திருத்தமான மீசை.

"அட ஆண்டவனே, இதையும் அழகாப் போட்டுட்டியா அம்மணி!" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பாடமே மாறிவிட்டது. ஓ.எம்.ஆர். தாளைக் கொடுத்து, கறுத்தால் போதும், கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும் என்றார். நாலு இழுப்பு, அடுத்த கேள்வி. "தெரியலையா? விட்டுப்போட்டுப் போ. அது அங்கயேதான் கெடக்கும், எங்கயும் ஓடிப்போகாது. கை வேர்த்தா பேனாவ வெச்சுப்போட்டு, தொடச்சுக்கிட்டு, மறுபடி எடு." கேள்வியை விட்டால் அதன் வட்டத்தையும் விட வேண்டும், எண்ணைப் பார்த்துப் போடு என்று நான் இடையில் புகுந்து கத்தினேன். மற்றப் பிள்ளைகள் மூன்று வாரத்தில் வேகம் பிடித்துவிட்டார்கள். பிரவீனா எழுபது வரை வந்தாள். அதற்கு மேல் நகரவில்லை. ஒரு வட்டம் கொஞ்சம் பிசகினால் போதும், நிறுத்திவிட்டு அதையே பார்ப்பாள். பிறகு கை வயிற்றுக்குப் போகும்.

"தப்பாப் போச்சுன்னா மாமன் மூஞ்சிய எப்படிங்க பாக்கறது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, காலையிலேயே இரண்டு தாள், கோபியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில். பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் இறங்கினோம். எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீர் கொண்டுவருவார். பரீட்சைக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமனை அன்றுதான் பார்த்தேன். மதன்குமார் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நிற்கிறார். பின்னால் சொந்தக்காரப் பெண்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தட்டில் பூவன் பழம், ஒன்றில் ஆப்பிள், ஒன்றில் பேனாப் பெட்டியும் எழுதுகிற அட்டையும், அதற்கு மஞ்சள் குங்குமம் வேறு. மேளம் ஒன்றுதான் குறை.

அது போதாதென்று எதிர் டீக்கடைத் தடுப்பில் ஒரு ஃபிளெக்ஸ். பாதிக்குப் பிரவீனாவின் முகம். மீதியில் மதன்குமார் கூலிங் கிளாஸும் முறுக்கு மீசையுமாகக் கைகூப்பி நிற்கிறார். 'என்.எம்.எம்.எஸ். தேர்வில் வெற்றிவாகை சூடவிருக்கும் எங்கள் வீட்டுக் குலவிளக்கு, வருங்காலக் கலெக்டர் பிரவீனாவை வாழ்த்தும் தாய்மாமன்' என்று எழுத்து. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஃபிளெக்ஸைப் பார்ப்பதும் இவளைத் திரும்பிப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

பிரவீனா நடுரோட்டில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போய்விட்டது. "வயிறு வலிக்குதுங்க டீச்சர். நான் எழுதலீங்க. ஊட்டுக்குப் போறேனுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாள் உழைப்பு. அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். டீச்சர் என்னைத் தடுத்துவிட்டு ஃபிளெக்ஸுக்குக் கிட்டே போனார். அது ஒரு பக்கம் சாய்வாகக் கட்டியிருந்தது. பழக்கம் விடுமா, அந்த நேரத்திலும் கை கயிற்றுக்குப் போனது. பிறகு அதை விட்டுவிட்டு, தோள்பையிலிருந்து தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தார். பள்ளி விளம்பரத் தட்டி எழுத எப்போதும் வைத்திருப்பது.

டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏறு கண்ணு" என்றார். "மாமன் மீசை எப்படி இருக்குதுன்னு பாத்துக்க. அதையே உன்ற படத்துலயும் போடு."

"மாமன் வைவாருங்க."

"வையட்டும். என்னையத்தான வைவாரு. போடு."

பிரவீனா ஏறினாள். வலது பக்கம் ஒருவாறு முறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது பக்கம் கை வழுக்கி, மீசை கன்னத்தில் இறங்கி, தாடையைத் தாண்டி, குலவிளக்கு என்ற எழுத்தின் மேலேயே போய் நின்றது. ரோடே சிரித்தது. பிரவீனா திரும்பித் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, ஸ்டூலிலிருந்து விழாத குறையாக, அப்படி ஒரு சிரிப்பு. மணி அடித்தது. சிரித்துக்கொண்டே ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மதன்குமார் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு நான் என்னங்க பண்ணுனேன்? அப்பன் இல்லாத புள்ள, கேக்க நாதியில்லைன்னு ஒருத்தரும் சொல்லிப்போடக் கூடாதுன்னுதானுங்க இத்தனையும் செஞ்சேன். நாலு பேரு முன்னாடி இப்படிப் பண்ணிப்போட்டீங்களே."

"ஆசையாத்தான் செஞ்சீங்க, தெரியுதுங்க" என்றார் டீச்சர். "அந்தப் புள்ளைக்கு அது பாரமாப் போச்சுங்க. நானும் ஆசையாத்தான் என்ற புள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேனுங்க. அது வரையறதையே உட்டுப்போட்டுது."

மதன்குமாருக்குப் புரிந்ததோ என்னவோ. ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். சீர் ஆப்பிளை டீக்கடைக்காரர் மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அறுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. இரண்டு தாளும் முடிந்து வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றபடியே இருந்தார். "நான் பண்ணுனது சரிங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஒரு மணிக்குப் பிரவீனா வெளியே வந்தாள். விரல் பத்திலும் மை, கன்னத்தில் ஒரு தீற்றல்.

"எல்லாம் அசிங்கமாக் கெடக்குதுங்க டீச்சர்" என்றாள். "ஒண்ணுகூட ஒழுங்கா இல்லீங்க."

"முடிச்சியா?" என்றேன் நான். எனக்கு அதுதான் கேள்வி.

"ரெண்டு தாளும் முடிச்சுட்டேனுங்க சார். வட்டத்துல கை நின்னப்பல்லாம் அந்த மீசை ஞாபகம் வந்துருச்சுங்க. அடுத்ததுக்குப் போயிட்டேன்."

கையில் மை ஒட்டிய பிள்ளையை வகுப்புக்குள் விடாத டீச்சர், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். அவர் சேலையிலும் மை ஒட்டிவிட்டது. அவர் பார்த்தாரா என்று தெரியாது.

முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. கிறுக்கலை மெஷின் தள்ளிவிட்டால்? டீச்சருக்கு வேறு கவலை. மதன்குமார் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "உள்ளூர் ஆளுங்க சார், மனசு நோக வெச்சுட்டேனே" என்பார். பிறகு வழக்கம்போலத் தலைமையாசிரியர் அறையில் படங்களை நேர் செய்யப் போய்விடுவார்.

ஏப்ரலில் முடிவு வந்தது. எங்கள் பள்ளியில் நான்கு பேர் தேறியிருந்தார்கள். பிரவீனா அதில் முதல். நான் வராந்தாவில் நின்று கைதட்டினேன், இருபது வருடத்தில் செய்யாத காரியம். டீச்சருக்கு அன்று வேலை நாள் இல்லை, போனில் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். ஊர் பஸ் ஸ்டாப்பில் புது ஃபிளெக்ஸ், முன்னதைவிட இரண்டு பங்கு பெரியது. மதன்குமார் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பிரவீனாவின் முகத்தில் அந்த மீசை. இடது பக்கம் தாடை வரை வழிந்த அதே மீசை. பழைய ஃபிளெக்ஸைப் படம் எடுத்து அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

மதன்குமார் டீச்சரைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "அந்தப் படம்தான் வேணும்னு புள்ள ஒத்தக்கால்ல நின்னுபோட்டா டீச்சர். மொதல்ல எனக்குக் கோவம்தானுங்க. அப்பறம் உத்துப் பாத்தேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "என்ற மீசையாட்டமேதானுங்க இருக்குது?"

"உங்களுதேதானுங்க" என்றார் டீச்சர்.

ஃபிளெக்ஸ் இந்தத் தடவையும் சாய்வாகத்தான் கட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். கை தோள்பைக்குள் போனது. மார்க்கரைத்தான் எடுக்கப் போகிறார், அந்த இடது பக்கத்தை இன்றாவது சரிசெய்துவிடுவார் என்று நினைத்தேன். போனை எடுத்தார். ஃபிளெக்ஸை ஒரு படம் பிடித்து மேக்னாவுக்கு அனுப்பினார். கீழே ஏதோ தட்டி, அழித்து, மறுபடி தட்டினார். கண்ணாடி இல்லாததால் எழுத்து சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் நீட்டினார்.

'கோணல்தான் கண்ணு. நல்லா இருக்குது.'